அறுவடை மெஷினில் கேட்ட ஆர்கெஸ்ட்ரா

குறுவை அறுப்பு முடிகிற வரைக்கும் பக்கிரியிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அறுவடை மெஷின் மேல் உட்கார்ந்துவிட்டு வருகிறவனிடம் என்ன நல்ல வார்த்தை மிச்சம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும், முதுகு ஒரு பக்கம் இழுக்கும். சட்டைக்குள் நெல் சுணை புகுந்து கழுத்தெல்லாம் தடித்துக் கிடக்கும். கொல்லையில் நின்றபடி தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்து, தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சாப்பிடுவான். மனைவி ராஜாத்தி ஏதாவது கேட்டால் "ம்" என்பான். அந்த "ம்" சரி என்பதா, வேண்டாம் என்பதா, கேள்வியே காதில் விழவில்லை என்பதா என்று அவளுக்கே குழப்பம்தான்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் முடிகொண்டான் ஆற்றங்கரையில் அவர்கள் ஊர். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதில், இது தங்கினால் உன் பேரை வைக்கிறேன் என்று அவன் அம்மா நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டு வைத்த பேர் பக்கிரி. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சொந்த நிலம் கிடையாது. வாலிபத்தில் கும்பகோணத்து மெல்லிசைக் குழு ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினான். அப்புறம் டிராக்டர் ஓட்டினான். பெல்ட் வண்டி ஊருக்கு வந்ததும் அதில் ஏறிக்கொண்டான். பெல்ட் வண்டி என்றால் வேறொன்றுமில்லை, டயருக்குப் பதிலாக ரப்பர் பட்டை மாட்டிய அறுவடை மெஷின். சேற்று வயலில் புதையாது. வண்டிக்குச் சொந்தக்காரர் நன்னிலம் நடராசன். பழைய வண்டி, டிரைவருக்குக் கூண்டு எதுவும் இல்லை. தலைக்கு மேல் ஒரு தகரம், முதுகுக்குப் பின்னால் இஞ்சின். அந்த இஞ்சின் போடுகிற கூச்சலைக் கேட்டால் அடுத்த ஊர் மாடுகூட மிரளும். அதைத்தான் பக்கிரி இத்தனை வருஷமாக முதுகில் சுமந்துகொண்டிருந்தான்.

இந்த ஆளுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ராஜாத்தியும் அதைத்தான் கேட்டாள்.

சம்பந்தம் அந்த மெல்லிசைக் குழுவில் தொடங்கியது. கச்சேரிக்கு முன்னால் மேடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கீபோர்டில் இரண்டு கட்டையை அமுக்கிப் பார்ப்பான். "ஏய், கையை எடுடா" என்று யாராவது கத்துவார்கள். எடுத்துவிடுவான். ஆனால் அந்தச் சத்தம் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மகள் ஷோபனா பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த அரசாங்க லேப்டாப், அவள் நர்சிங் முடித்துத் திருச்சிக்கு வேலைக்குப் போனதும் அலமாரியில் சும்மா கிடந்தது. போகும்முன் அவள்தான் அதில் இசை அமைக்கிற மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். கும்பகோணத்தில் ஒருவரிடம் பழைய சின்னக் கீபோர்டு ஒன்று கிடைத்தது. அறுப்பு இல்லாத மாதங்களில் பக்கிரி அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தான்.

உட்கார்ந்தால் போதுமா? விரல் வர வேண்டுமே. லீவரைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல்கள். அழுத்தத் தெரியும், ஓடத் தெரியாது. ஒரு கட்டையைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அமுங்கும். மூன்று மாதம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "நமக்கு இது கொடுத்து வைக்கலை" என்று மூடி வைக்கப் போனவன் ஒருநாள் தற்செயலாக ஒரு பொத்தானைத் தட்டினான்.

ஆர்பெஜியேட்டர் என்று அதற்குப் பேர். வாயில் நுழையாத பேர் என்பதால் பக்கிரி சுருக்கமாக "ஆர்ப்" என்பான். கீபோர்டில் நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த நாலு சுரங்களையும் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக அதுவே வாசித்துக்கொண்டு போகும். ஏறச் சொன்னால் ஏறும், இறங்கச் சொன்னால் இறங்கும், ஏறி இறங்கச் சொன்னால் அதையும் செய்யும். நாற்று முடிச்சைக் கரையிலிருந்து வீசிவிட்டால் நடவுப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்து நட்டுக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி. வீசுகிறவன் வேலை வீசுவதோடு சரி.

பக்கிரி வயலின் சத்தத்தை வைத்து நாலு கட்டையை அமுக்கினான். ஒரு கூட்டமே எழுந்து வாசிக்க ஆரம்பித்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

"ராஜாத்தி! இங்க ஓடி வா! நாப்பது பேரு வயலின் வாசிக்கிறான் பாரு!"

"குழம்பு கொதிக்குதுங்க. அந்த நாப்பது பேரையும் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, வர்றேன்" என்றாள் அடுப்படியிலிருந்து. வந்து கேட்டாள். கணவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு பக்கிரி கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. வயலினை வேகமாக ஓடவிடுவான். அதே சுரங்களைக் கீழே செல்லோ என்கிற பெரிய வயலினுக்குக் கொடுத்துப் பாதி வேகத்தில் நடக்கவிடுவான். ஹார்ன் என்கிற ஊதுகுழலை ஒரே சுரத்தில் நிறுத்திவிடுவான். உச்சியில் புல்லாங்குழலும் சின்ன மணியும் சிதறும். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் விழுந்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும் என்று கண்டுபிடித்து, இடையிடையே ஒன்றை அழுத்தமாகவும் ஒன்றை மெதுவாகவும் விழச் செய்வான். சில இடத்தில் ஒரு சுரத்தையே விட்டுவிடுவான். மனிதர்கள் மூச்சு வாங்க வேண்டாமா? எத்தனை ஸ்தாயி உயரம் ஏறலாம் என்று சொல்ல "ஆக்டேவ்" என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஒன்று என்று போட்டால் பிடித்த இடத்திலேயே சுற்றும். நாலு என்று போட்டால் அடியிலிருந்து உச்சாணிக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும். பக்கிரி எப்போதும் நாலுதான் போடுவான். கோயில் வீடியோவில் கோபுரத்தை ட்ரோனில் எடுத்துக் காட்டும்போது சங்கீதமும் கோபுரத்தில் ஏற வேண்டும் என்பது அவன் கணக்கு.

வேலையும் வர ஆரம்பித்தது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், குடமுழுக்குக்கு வீடியோ போடுகிறவர்கள், சீர்காழிப் பக்கம் குறும்படம் எடுக்கிற பையன்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வயலில் விழுந்து விழுந்து பக்கிரியின் போனில் பாதி நாள் அழைப்பு வராது, பாட்டு மட்டும் ஓடும். அதனால் எல்லாருக்கும் ராஜாத்தியின் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். லேப்டாப்புக்கு நெட்டும் அவள் போனிலிருந்துதான். காலையில் மெஷினுக்குப் போகும்போது "அந்தக் கல்யாண ஃபைலை அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போவான். அவள் அனுப்புவாள்.

இப்போது அவன் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு எந்த இசைக்காரனுக்கும் இந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே கிடைத்திருக்காது. தான் செய்த இசை சரியாக வந்திருக்கிறதா என்று பக்கிரி பார்த்தது அறுவடை மெஷின் மேல் உட்கார்ந்து. அவனுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. கல்யாண மண்டபத்தின் கூச்சலிலும் கோயில் வாசல் கூட்டத்திலும் ஒலிக்க வேண்டிய சங்கீதம் அது. இந்த இஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டுவிட்டால் எங்கேயும் கேட்கும் அல்லவா? அதனால் இரண்டு காதிலும் இயர்போனைச் சொருகிக்கொண்டு, இருக்கிற சத்தம் முழுவதையும் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அறுத்தான். குறுவையில் கேட்டான், தாளடியில் கேட்டான். வருஷத்துக்கு வருஷம் கேட்டான். வரப்பில் நின்று நெல்லுக்குச் சொந்தக்காரர் கையை ஆட்டிக் கத்துவார். பக்கிரி மேலே தலையாட்டிக்கொண்டு போவான்.

"காதைக் கொஞ்சம் டாக்டர்ட்ட காட்டுங்களேன்" என்று ராஜாத்தி சொல்லிப் பார்த்தாள்.

"அழுக்கு அடைச்சிருக்கு, வேற என்ன" என்றான்.

கொஞ்ச நாளாக அவனுக்கு ஒரு தொல்லை. லேப்டாப்பில் கேட்கும்போது ஆர்ப் மேலே ஏறி ஏறிப் போகும், உச்சிக்குப் போனதும் காணாமல் போய்விடும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு இறங்கும்போது மறுபடி வரும். பாட்டில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. மணிச் சத்தத்தைக் கூட்டினான். புல்லாங்குழலையும் கூட்டினான். அப்படியும் ஓட்டை அடைபடவில்லை. "இந்த லேப்டாப் ஸ்பீக்கர் போயிடுச்சு" என்று முடிவு கட்டினான். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சங்கீதம் வீடியோவாகி வெளியே வந்த பிறகு கேட்டால் ஓட்டையே இருக்காது. நிறைவாக ஓடும். "பார்த்தியா? நம்ம வேலை சரிதான். பொட்டிதான் சரியில்லை" என்று ராஜாத்தியிடம் சொல்வான். அவள் "ஆமாங்க" என்பாள்.

இந்தக் குறுவைக்குக் கொஞ்சம் முன்னால் தஞ்சாவூரிலிருந்து இளம்பரிதி என்கிற பையன் பேசினான். பையன் என்ன, முப்பதைத் தாண்டியவன்தான். மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஸ்டுடியோ வைத்திருந்தான். பக்திப் பாடல்களுக்கும் குறும்படங்களுக்கும் இசை செய்கிறவன். பக்கிரியின் குடமுழுக்கு வீடியோ ஒன்றைக் கேட்டுவிட்டு அசந்துபோயிருந்தான்.

"அண்ணே, அந்த வயலின் ஸ்ட்ரிங்ஸ் ஓடுற ஓட்டம் இருக்கே, அதை யாரும் இங்க பண்ண மாட்டேங்கிறாங்க. எனக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும். இங்கேயே உக்காந்து செஞ்சு, இங்கேயே கேட்டு முடிச்சுக் கொடுக்கணும். மாசச் சம்பளம். வர்ற திங்கக்கிழமை வந்து எனக்கு முன்னால ஒண்ணு செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டுப் பேசிடுவோம்."

பக்கிரிக்குப் புகழ் ஒன்றும் வேண்டாம். மெஷினை விட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். சுணை இல்லாத, வெயில் இல்லாத, முதுகு நிமிர்ந்து உட்கார்கிற ஒரு நாற்காலி வேண்டும். உடம்பு போதும் போதும் என்று எப்போதோ சொல்லிவிட்டது. இன்னொரு பருவம் அந்தத் தகரத்துக்கடியில் உட்கார முடியாது என்று அவனுக்கே தெரியும். இது கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் திரும்பவும் அதே வண்டிதான்.

அவசரப்பட்டு நடராசனிடம் போய் "இந்த வருஷம் வேற ஆளைப் பாருங்கண்ணே" என்று சொல்லியும் விட்டான்.

"அறுப்பு நெருங்கி வர்ற நேரத்துல கழுத்தை அறுக்கிறியே" என்றார் நடராசன். கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் ராஜாத்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க?"

"நானும் வர்றேன்."

"வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போனா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பெரிய கோயிலைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் ஓரமா உக்காந்திருக்கேன்."

வழக்கமாக எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கிரி இரண்டு பேருக்கும் பஸ் காசை எண்ணி எடுத்துக்கொண்டான். கும்பகோணத்தில் பஸ் மாறித் தஞ்சாவூர் போய்ச் சேருகிற வரை அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டே வந்தாள். பயப்பட வேண்டியவன் நானா இவளா என்று அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

இளம்பரிதி நல்ல பிள்ளை. வாசலுக்கே வந்து "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று கூட்டிக்கொண்டு போனான். காப்பி வரவழைத்தான். ஸ்டுடியோ அறை குளுகுளுவென்று இருந்தது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு அப்படியே அதற்குள் போய்ச் சாய்ந்தது. அடடா, இதில் உட்கார்ந்து சாகலாமே என்று நினைத்துக்கொண்டான் பக்கிரி. ராஜாத்தி பின்னால் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆத்துல தண்ணி திறந்து விடுற காட்சி அண்ணே. மதகு திறக்குது, தண்ணி பாய்ஞ்சு வருது, அப்படியே வாய்க்கால் வாய்க்காலா பிரியுது. உங்க இஷ்டத்துக்குச் செய்யுங்க."

இதைவிட நல்ல காட்சி அவனுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்? தண்ணீர் வந்த அன்றைக்கு ஆற்றங்கரையில் நின்ற கால் அல்லவா? கையைத் துடைத்துக்கொண்டு நாலு கட்டையைப் பிடித்தான். முதலில் செல்லோ, நிதானமாக. பிறகு வயலின், மதகு திறக்கிற இடத்தில். ஹார்ன் பின்னால் நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவன் கை அழகாக விழுந்தது. இளம்பரிதி முன்னால் குனிந்து கேட்டான். "பிரமாதம் அண்ணே, பிரமாதம்" என்றான். தண்ணீர் வாய்க்கால்களில் பிரிகிற இடம் வந்தது. அங்கேதான் மணியும் புல்லாங்குழலும். பக்கிரி கட்டத்தில் நாலு என்று போட்டு, சத்தத்தைத் தாராளமாக வைத்து ஓடவிட்டான்.

ஏறியது. ஏறி, உச்சிக்குப் போய்க் காணாமல் போனது.

இங்கேயும் அதே ஓட்டைதான். இவ்வளவு பெரிய ஸ்பீக்கரிலும் ஓட்டையா என்று திகைத்துப்போய்ச் சத்தத்தை இன்னும் கூட்டினான். திரும்பிப் பார்த்தால் இளம்பரிதி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அண்ணே! நிறுத்துங்க! விசில் மாதிரி குத்துது!"

பக்கிரிக்கு ஒன்றும் புரியவில்லை. எது குத்துகிறது? அங்கே ஒன்றுமே இல்லையே. மணியைக் குறைப்பதா, கூட்டுவதா?

பின்னாலிருந்து ராஜாத்தியின் குரல் வந்தது. "என்னங்க, ஆக்டேவைக் குறைங்க."

பக்கிரி கழுத்தைத் திருப்பினான். ஆக்டேவா? இவளுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும்?

அவள் எழுந்து நின்றிருந்தாள். "அந்தக் கட்டத்துல நாலுன்னு போட்டிருக்கீங்கல்ல, அதை ஒண்ணுன்னு போடுங்க" என்றாள்.

போட்டான். ஓட்டை மறைந்தது. மணி கீழேயே சுற்றிச் சுற்றி ஓடியது. நிறைவாக, தடையில்லாமல், வெளியே வந்த வீடியோக்களில் கேட்ட அதே மாதிரி. இளம்பரிதி காதிலிருந்து கையை எடுத்து, "இதுதாண்ணே! இதுதான் நான் கேட்டது!" என்றான். பக்கிரி திரையைப் பார்க்கவில்லை. ராஜாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இளம்பரிதியும் முட்டாள் இல்லை. ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அண்ணே, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு சத்தம் போடுறேன். கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வைங்க" என்றான்.

ஒற்றைச் சுரம் ஒன்று கிளம்பியது. பக்கிரி கையைத் தூக்கினான். சத்தம் மேலே ஏறிக்கொண்டே போனது. ஏறி, தேய்ந்து, நின்றுவிட்டது. கையை இறக்கினான். நின்றுவிட்டதென்றுதான் நினைத்தான். ஆனால் ராஜாத்தியின் புருவம் இன்னும் சுருங்கியிருந்தது. அவள் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். நேரம் போனது, இன்னும் கேட்டாள். தாங்க முடியாமல் முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அறைக்குள் ஒரு சத்தம் இருக்கிறது, தனக்கு மட்டும் அது இல்லை என்பதைப் பக்கிரி அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பெரிய மனுஷன் இன்னொருத்தன் அறையில் உட்கார்ந்து அழுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

இளம்பரிதி சத்தத்தை நிறுத்தினான்.

"தம்பி, எனக்குக் காது போயிடுச்சு போலிருக்கு" என்றான் பக்கிரி.

"அப்படி இல்லண்ணே. மேல உள்ளது மட்டும்தான்..."

"மேல உள்ளதும் சங்கீதம்தானே தம்பி."

இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டான். இங்கே உட்கார்கிற ஆள்தான் எல்லாவற்றையும் கடைசியாகக் கேட்டு முடித்து அனுப்ப வேண்டும், காதை நம்பித்தான் அந்த நாற்காலி என்று தட்டுத் தடுமாறிச் சொன்னான். வீட்டிலிருந்து செய்து அனுப்புங்கள், முன்போலவே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னான். காதுக்கு நல்ல டாக்டர் ஒருவர் பெயரைச் சொன்னான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். பக்கிரி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அந்த நாற்காலியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய கோயிலுக்கும் போகவில்லை. நேராகப் பஸ் ஸ்டாண்டு. பஸ் பாபநாசம் தாண்டியது. இரண்டு பக்கமும் குறுவை பழுத்துக் கிடந்தது. பக்கிரிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றான் கடைசியில்.

ராஜாத்திக்கு அந்தக் கேள்வி எப்போது வரும் என்றே இருந்தது. "அந்த வலங்கைமான் கல்யாண வீடியோலேருந்து. மேல ஒரு விசில் காதைக் குடையுது, பொண்ணு வீட்டுக்காரங்க திட்டுறாங்கன்னு அந்த வீடியோ எடுத்த தம்பி போன்ல சொன்னுச்சு. உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். மெஷின் மேல உங்களுக்கு எங்க கேக்கும்? நானே போட்டுக் கேட்டேன். யப்பா, பல்லெல்லாம் கூசிப்போச்சு. ஷோபனாவுக்குப் போன் போட்டேன். அவதான் எந்தக் கட்டத்தை மாத்தணும்னு சொன்னா. மாத்தி அனுப்பிட்டு, உங்களோடதை அப்படியே வச்சுட்டேன்."

"ஷோபனாவுக்கும் தெரியும்."

"தெரியும்."

"அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் நீதான்."

"ஆமா."

"நான் ஒரு கேனப்பய மாதிரி ஸ்பீக்கரைக் குத்தம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். நீ ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டிட்டு இருந்திருக்க." குரல் உயர்ந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏன் சொல்லலை? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "சொன்னா என்ன பண்ணுவீங்க? அன்னைக்கே அந்தப் பொட்டியை மூடி அலமாரியில வச்சுடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? மெஷின்லேருந்து பொணமாத்தான் வீட்டுக்கு வர்றீங்க. அதைத் தொறந்து வச்சு நாலு கட்டையை அமுக்கினாத்தான் உங்களுக்கு உசுரு வருது. அதையும் நானே புடுங்கிடணுமா? என்னால முடியலைங்க. முடியலை, அதான் சொல்லலை."

பக்கிரியின் கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. அலுப்புதான் மிச்சம் இருந்தது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

கும்பகோணத்தில் பஸ் மாறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ராஜாத்தி அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள். அது அடித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

நடராசன்தான். ஆள் கிடைக்கவில்லை, வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது, நெல் சாய்ந்தால் என்னைத்தான் எல்லாரும் வைவார்கள், பக்கிரி வருவானா மாட்டானா என்று கத்தினார்.

ராஜாத்தி கணவனைப் பார்த்தாள். அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நடராசன் அண்ணன். நாளைக்குக் கூப்பிடுறாரு" என்றாள்.

அவன் தலையை அசைத்தான்.

"வருவாருண்ணே" என்றாள் போனில். "ஆனா ஒண்ணு. காதை மூடுற கவசம் கடையில விக்கிறாங்களாம். அதை வாங்கி வண்டியில வச்சீங்கன்னாத்தான் ஏறுவாரு. என்னது? யாரு சொன்னாவா? நான்தான் சொல்றேன். இத்தனை வருஷமா உங்க வண்டிக்குக் காதைக் கொடுத்திருக்காரு, இதுகூட வாங்கித் தர மாட்டீங்களா?" போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. நாச்சியார்கோயில் தாண்டியது. பக்கிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்துவிட்டு, "இளம்பரிதி கேட்ட அந்தத் தண்ணி திறக்கிற காட்சியை வீட்டுல செஞ்சு அனுப்பணும்" என்றான்.

"அனுப்பலாம்."

"நீ இனிமே நான் இல்லாதப்ப எதையும் மாத்தாதே."

"சரிங்க" என்றாள். அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துவிட்டாள்.

"நான் உக்காந்திருக்கும்போதே வந்து பக்கத்துல உக்காரு. மேல ஏறும்போது நான் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிறேன். நீ சுளிச்சா இறக்கிடுறேன்."

ராஜாத்தி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என் மூஞ்சியைப் பார்க்கணும்னு தோணியிருக்கு" என்றாள்.

"என்ன?" என்றான் பக்கிரி.

அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அதையே இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.